பையைத் திறக்காத சனிக்கிழமை

எட்டு நாளுக்கு முன்னால், சனிக்கிழமை காலையில், தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு மிக்சியைத் திருகினேன். இரண்டாவது சுற்றிலேயே அந்த நாற்றம் வந்துவிட்டது. வார்னிஷும் செம்பும் சேர்ந்து தீய்கிற நாற்றம். நான் யோசிப்பதற்குள் கை வேலையைச் செய்துவிட்டது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஜாரை ஓரமாக வைத்துவிட்டு, மிக்சியைக் குப்புறக் கவிழ்த்தேன். அடியில் அந்தச் சிவப்புப் பொத்தான். அதற்குப் பக்கத்தில், எப்போதோ நீ இதைச் சரிசெய்து கொடுத்தபோது ஊசியால் கீறிய உன் பெயரின் முதல் எழுத்து.

அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, ஷாக் அடிச்சுதா?" என்றார். "ஷாக்கும் இல்ல, சட்னியும் இல்ல. பொடி வெச்சுச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டேன். அவரிடம் சொல்லி விளங்கவைக்க முடியாததை உன்னிடம் சொல்கிறேன். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. நீ இருக்கும்போதே செய்திருக்க வேண்டிய ஒன்றை நான் செய்யாமல் விட்டேன். இப்போது அது முடிந்துவிட்டதா இல்லையா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம் என்று நீதான் ஊரெல்லாம் சொல்வாய். முதல் நாளே பார்த்தவளாயிற்றே. கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வரும் காலை ரயிலில், முன்பின் தெரியாத எனக்கு இடம் போட்டு வைத்து, டப்பாவைத் திறந்து சித்ரான்னத்தில் பாதியை நீட்டினாய். நான் வாங்கவில்லை. இன்றைக்குச் சாப்பாடு கொடுப்பவள் நாளைக்கு என்ன கேட்பாளோ என்று நினைத்தேன். "ஏன்டி, விஷமா வெச்சிருக்கேன்?" என்று நீயே ஒரு வாய் அள்ளிப் போட்டுக் காட்டினாய். அதற்கப்புறமும் ஒரு நிமிடம் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டினேன். அந்தக் கதையை என் கல்யாணத்தில்கூட மைக் கிடைத்த தைரியத்தில் சொன்னாயே, பாவி.

பிறகு நீ பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தாய். நான் வைட்ஃபீல்டில் சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து பாஸ், ஃபெயில் போடும் வேலைக்குப் போனேன். சந்தேகப்படுவதற்கே சம்பளம். வருஷக்கணக்கில் அப்படிப் பார்த்த கண்ணுக்கு, மனுஷர்களைப் பார்க்கும்போதும் எங்கே சால்டர் விட்டிருக்கிறது என்றுதான் தேடத் தோன்றுகிறது.

ஈஜிபுராவில் எங்கள் சந்துக்குப் பின்னால் இருக்கும் மாவு மில்லின் மாடி அறையில், சனிக்கிழமை மதியம் பிள்ளைகளை வைத்து "ரிப்பேர் சனிக்கிழமை" ஆரம்பிக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது நான் சிரித்தேன். பதினாறு, பதினேழு வயதுப் பையன்களும் பெண்களும் அக்கம்பக்கத்து வீடுகளின் மிக்சி, ஃபேன், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் இலவசமாகச் சரிசெய்து கொடுப்பார்களாம். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். "கார்ப்பரேட்டர் எலெக்ஷன்ல நிக்கப் போறியா?" என்று கேட்டும் விட்டேன்.

"நின்னா எனக்கு ஓட்டுப் போடுவியா?"

"விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

"அப்புறம் உனக்கு இதுல என்னதான்டி?" என்று திரும்பவும் கேட்டேன். "சனிக்கிழமை எனக்குப் போரடிக்குதுடி" என்றாய். அதை நான் நம்பவில்லை. இன்றுவரை முழுசாக நம்பவில்லை.

வரமாட்டேன் என்று நான் சாதித்தபோது நீ சொன்னது மட்டும் மறக்கவில்லை. "சந்தேகப்படு, வேணாங்கல. ஆனா வீட்ல உக்காந்து படாதே. வந்து படு." சரி, கிட்ட இருந்து பார்த்தால் உன் குட்டு வெளிப்படும் என்று வந்தேன். அப்படி வந்தவள்தான் நான்கு வருஷமாக வந்துகொண்டிருக்கிறேன்.

என் சந்தேகம் எல்லாமே பொய்யாகியிருந்தால் நான் திருந்தியிருப்பேன். என் வினை, பத்தில் மூன்று சரியாகிவிடும். மில்லுக்காரர் அறையைச் சும்மா கொடுத்தார் அல்லவா? அதில் இருந்த இருபது வருஷத்துக் குப்பையை நம் பிள்ளைகள் வாரிக் கொட்டட்டும் என்றுதான் கொடுக்கிறார் என்று அன்றைக்கே சொன்னேன். நாம் பெருக்கித் துடைத்து வெள்ளையடித்த மறுவாரமே, "பரவாகில்ல மேடம், நீங்க பாட்டுக்கு இருங்க, ஒரு மூலைல மட்டும்" என்று ராகி மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கினார். ஒரு மூலை மூன்று மூலை ஆனது. நான் குதித்தேன். நீ மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நாற்காலி வாங்கற வேலை மிச்சம்" என்றாய்.

வைட்ஃபீல்டிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் ஒரே நிற டி-ஷர்ட்டில் வந்த நாளையும் மறந்திருக்க மாட்டாய். அறைக் கதவைவிடப் பெரிய பேனர். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து, "கொஞ்சம் சிரிங்க" என்று நிற்க வைத்தார்கள். அவர்களில் ஒருவர் சூடான அயர்ன் பாக்ஸைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்து, ஸ்டூல் குழிந்துபோய்விட்டது. மாதாமாதம் வருவோம் என்று கைகொடுத்துவிட்டுப் போனார்கள். நான் வாசலிலேயே, "இதுதான் கடைசி" என்றேன். பேனர் மட்டும் நம்மோடு தங்கியது. மழைக்காலத்தில் மூட்டைகளுக்குப் போர்த்த உதவுகிறது.

பிள்ளைகள் மட்டும் லேசுப்பட்டவர்களா? வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, இரண்டு மணிக்கு வரச்சொன்னால் நாலு மணிக்கு வருவார்கள். மூன்று மாதம் சொல்லிக்கொடுத்து, ஃபேனை இருட்டிலும் கழற்றி மாட்டும் அளவுக்குத் தேறிய ஒருவன், டெலிவரி வேலை கிடைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். சிக்னலில் என்னைப் பார்த்தும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டான். வயிறு எரிந்தது எனக்கு. "அவன் வீட்டு ஃபேனாவது ஓடுமில்ல, விடு" என்றாய் நீ.

ஆனால் சீட்டு விஷயத்தில் நீ விட்டுக்கொடுக்கவே மாட்டாய். வந்த பொருள் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் கட்ட வேண்டும். அதில் கொடுத்தவர் என்ன வார்த்தை சொன்னாரோ அதையே எழுத வேண்டும், திருத்தக்கூடாது. மிக்சி இருமுது. ஃபேன் கோவிச்சுக்கிட்டு நிக்குது. அயர்ன் பாக்ஸ் தொட்டா கிள்ளுது. ஒரு ஸ்குரூவைத் திருப்புவதற்கு முன்னால், அந்தச் சீட்டை எல்லார் காதிலும் விழும்படி வாய்விட்டுப் படிக்க வேண்டும். சரிசெய்த பிறகு, செய்தவர் அடிப்பக்கத்தில் ஊசியால் தன் எழுத்தைக் கீற வேண்டும். கடைசியில் பொருளுக்குச் சொந்தக்காரர் தன் கையாலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு தட்டு. "ரெண்டாவது தட்டு தட்டினா தலைக்கு ஏறிடும், ஒண்ணு போதும்" என்பாய். அந்த ஒற்றைத் தட்டில் பிள்ளைகள் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, சில நாள் நான் சந்தேகப்படுவதையே மறந்திருக்கிறேன். உன்னிடம் ஒப்புக்கொண்டதில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி காவேரி. பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தில் பெண்ணுக்குக் காவேரி என்று பெயர் வைக்க ஒரு தைரியம் வேண்டும் என்று நாம் சிரித்துக்கொள்வோம். அப்பா பெயின்டர். அம்மா வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மென்டில் ஹவுஸ்கீப்பிங். பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். மோட்டாரின் செம்புக் காயில் சுற்றுவதற்கு அவளைப் போலக் கை வேறு யாருக்கும் வரவில்லை, உனக்கே வரவில்லை. நீ அவளைத் தலைக்குமேல் வைத்துக் கொண்டாடினாய். அதனாலேயே எனக்கு அவள்மேல் ஒரு கண். பொருளை வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடாது என்று நான் போட்ட விதியை அவள் இரண்டு முறை மீறினாள். ஒருநாள், பழைய இரும்பு வாங்கும் குஜரிக் கடை வாசலில் தன் நீலப் பையோடு நின்று பேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பார்த்ததை உன்னிடமும் சொல்லவில்லை. மனதுக்குள் ஒரு ஃபெயில் போட்டு வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்து நீயும் சனிக்கிழமைகளில் காணாமல்போக ஆரம்பித்தாய். ஒரு வாரம் அண்ணன் மகளுக்கு நிச்சயம் என்றாய், அடுத்த வாரம் மாதா கோயில் பூசை. அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன். சனிக்கிழமை மதியம் எந்த ஊரில் இன்ஸ்பெக்‌ஷன் நடக்கும்? இழுத்துப்போட்டுச் செய்தவள் சுமையை என் தலையில் கட்டிவிட்டுக் கழன்றுகொள்ளப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அந்தக் கோபமும் சேர்ந்திருந்தது, அன்றைக்கு நான் பேசியதில்.

ஆடி மாதம். தள்ளுவண்டியில் இட்லி விற்கும் பத்மாக்கா, மிக்சியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். மூன்று வாரத்துக்கு முன்புதான் காவேரி அதற்குப் புதுக் காயில் சுற்றிக் கொடுத்திருந்தாள். "மறுபடியும் நின்னுபோச்சும்மா. காலையில சட்னி இல்லாம பாதி இட்லி அப்படியே திரும்புது" என்றாள். காவேரி அப்போது இன்னும் வரவில்லை. நானே கழற்றினேன். உள்ளே செம்புநிறப் புதுக் காயில் இல்லை. கரிப்பிடித்த பழைய காயில். கார்பன் பிரஷ்ஷும் தேய்ந்த பழையது.

என் மண்டையில் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. வீட்டுக்கு எடுத்துப்போன பொருள், குஜரிக் கடை, நீலப் பை. காவேரி உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன், "புதுக் காயிலை எங்க வித்த?"

அவளுக்குப் புரியவே இல்லை. "எந்தக் காயில் மேடம்?"

"பத்மாக்கா மிக்சில இருந்தது. பையைத் திற."

"நான் எடுக்கல மேடம்."

"மடியில கனமில்லன்னா வழியில பயமெதுக்கு? திற."

அறையில் பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். எப்போதும் வாயடிக்கிற இம்ரான் கையில் ஃபேன் இறக்கையோடு நின்றிருந்தான். காவேரி பையைத் தரையில் வைத்து, ஜிப்பை முழுக்க இழுத்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். டிபன் பாக்ஸ், பாட நோட்டு, துணியில் சுற்றிய நாப்கின். செத்த மிக்சிகளிலிருந்து கழற்றிய ரப்பர் கப்ளர்கள் ஒரு கவர் நிறைய. குஜரிக் கடையில் தேடிப் பொறுக்கி, நம் ரிப்பேருக்காக அவள் வாங்கி வைத்திருந்தவை. காயில் இல்லை.

எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "எங்கம்மா அபார்ட்மென்ட் கேட்ல தினம் பையைத் தொறந்து காட்டிட்டுத்தான் வெளிய வராங்க. நீங்களும் கம்பெனி கேட்ல காட்டித்தான மேடம் வர்றீங்க? இந்த ரூம்ல மட்டும் அது இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன்."

படியிறங்கிப் போய்விட்டாள். நான் அப்போதும் அடங்கவில்லை. வித்து முடித்துவிட்டாள், அதனால்தான் பையில் இல்லை என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். நீ தலையில் ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாய். "சளி" என்றாய். நானும் சரி என்று விட்டுவிட்டேன். முகம் பாதியாகியிருந்தது, மேசையில் மாத்திரை அட்டை கிடந்தது, நீ ஒரு டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். உலகத்தையே சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட்டிருக்க வேண்டிய அந்த ஒரு மணி நேரத்தில் என் நியாயத்தைப் பேசிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டு நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "அடியில கீறல் பாத்தியா?"

நான் விழித்தேன்.

"வருஷக்கணக்கா போர்டு பாக்கறவ. சீரியல் நம்பர் பாக்காம ஃபெயில் போடுவியாடி?"

அன்று மாலையே பத்மாக்கா வீட்டுக்குப் போனேன். மிக்சியைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு கீறலும் இல்லை. அது காவேரி கை வைத்த மிக்சியே இல்லை. நம் சந்தில் பாதி வீடுகளில் ஒரே மிக்சிதானே? ஊரில் ரேஷன் கார்டுக்கு இலவசமாகக் கொடுத்தது, அதே நிறம், அதே மூடி. திருவண்ணாமலை பஸ்ஸில் மடியில் உட்கார்ந்து ஈஜிபுரா வந்து சேர்ந்தவை. பத்மாக்காவின் நாத்தனார் மாடியில் இருக்கிறாள். அவளிடமும் அதேதான். ஆடிக்கூழ் ஊற்றிய அன்றைக்கு இரண்டையும் ஒரே மேடையில் வைத்து ஆளுக்கொன்றாகச் சட்னி அரைத்திருக்கிறார்கள். கழுவித் துடைத்து எடுத்துப்போகும்போது மாறிவிட்டது. மாடியேறி நாத்தனாரின் மிக்சியைக் கவிழ்த்தேன். சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் அழகாக ஒரு "கா".

"அய்யய்யோ, அது இதுவா?" என்று பத்மாக்கா சிரித்தாள். "நானும் நெனச்சேன், இவளுது மட்டும் எப்பிடி இந்தப் போடு போடுதுன்னு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவிலிருந்தே உனக்குப் போன் செய்தேன். "நான்தான்டி தப்பு. நீ கொஞ்சம் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடேன். நீ சொன்னா கேப்பா."

"என் வாயை வாடகைக்குக் கேக்காதடி" என்றாய். "உன் தப்புக்கு உன் வாய்தான்."

நான் சொல்லவில்லை. அவள் தெருமுனைவரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். ஐம்பது வயதில் ஒரு சின்னப் பெண்ணிடம் போய் நிற்பதா என்று கூசியது. அவள் அம்மா கதவைத் திறந்தால் என்ன சொல்வது என்று பயமாகவும் இருந்தது. இம்ரானிடம், "காவேரியை வரச்சொல்லு, பிரச்சினை தீந்துபோச்சு" என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். அவன், "அர்ரே மேடம், தீந்துச்சுன்னு யார் சொன்னது? அவளா?" என்று கேட்டுவிட்டு ஃபேனைத் துடைக்கப் போய்விட்டான்.

அதற்கப்புறம்தான் உன் நோய் தெரிந்தது, சனிக்கிழமைகளில் நீ போனது ஆஸ்பத்திரிக்கு என்பதும். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன்டி சொல்லல?" என்று அழுதேன். "சொன்னா நீ டாக்டரையும் சந்தேகப்படுவ" என்றாய். சிரிக்கவும் முடியாமல் உனக்கு இருமல் வந்தது. கடைசியாக நான் பார்க்க வந்த அன்றும் நீ கேட்டாய்: "காவேரிகிட்ட பேசினியா?" நான், "பேசிட்டேன்" என்றேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். ரயிலில் சித்ரான்னத்தை நீட்டியபோது நான் உன்னைப் பார்த்த மாதிரியே பார்த்தாய். நீ நம்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

கல்லறையில் நம் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டவன்கூட ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். காவேரி ஒரு பிடி மண் போட்டுவிட்டு, எனக்கு எதிர்ப்பக்கமாகவே நடந்து போனாள். மூன்றாவது சனிக்கிழமை, அவளாகவே மாடியேறி வந்தாள். எனக்காக வரவில்லை. நீ ஆரம்பித்தது நின்றுவிடக்கூடாது என்று வந்தாள்.

அவள் கையில் பை இல்லை. ஸ்குரூ டிரைவர், டிபன் பாக்ஸ், நோட்டு எல்லாம் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிற ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் கவரில் இருந்தன. அதை எல்லார் கண்ணிலும் படும்படி மேசையில் வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து வாராவாரம் அந்தக் கவர்தான். கிழிந்தால் அடுத்த வாரம் இன்னொரு கண்ணாடிக் கவர். நான் எது சொன்னாலும் "சரி மேடம்", அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. இவள் என்னைத் தண்டிக்கத்தான் வருகிறாளா என்றுகூடச் சந்தேகப்பட்டேன். தண்டித்தால்தான் என்ன, கொஞ்சமாகவா செய்தேன்? ஆனாலும் வாய் வரவில்லை. ஐந்து மாதம் அந்தக் கவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் இந்த நாற்றம் வந்தது. நாற்றம் வந்தவுடன் நிறுத்தினால் மோட்டார் பிழைக்கும் என்று நீ பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துச் சொல்வாய். அன்று அடுப்படித் தரையில் உட்கார்ந்தபடியே ஒரு சீட்டை எடுத்து எழுதினேன். மதியம் மிக்சியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போய், வரிசையைப் பார்க்காமல் நேராகக் காவேரி முன்னால் வைத்தேன்.

அவள் சீட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். "சட்னி அரைக்கும்போது தீய்ந்த நாற்றம் வருகிறது." அடுத்த வரியில் கண் நின்றது. பிறகு சீட்டின் கயிற்றை அவிழ்த்து என் கையில் வைத்தாள்.

"இது மிக்சி கம்ப்ளெயின்ட் இல்ல மேடம். இதை நீங்களே படிங்க."

நீ எங்கேயோ ராகி மூட்டைமேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது. உன் வாய் இல்லை, காவேரியின் வாயும் கிடைக்கவில்லை. படித்தேன். "ஆடி மாதத்தில் காவேரியின் பையை எல்லார் முன்னாலும் திறக்கச் சொன்னேன். அவள்மேல் தப்பு இல்லை. தப்பு என்னுடையது. தெரிந்த அன்றே சொல்லாமல் விட்டதும் என் தப்பு." திரும்பவும் முதலிலிருந்து படித்தேன், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காதே என்று.

காவேரி ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். கழற்றிப் பார்த்துவிட்டு, "கார்பன் தேஞ்சுபோச்சு. காயில் தப்பிச்சிடுச்சு. ஒடனே நிறுத்திட்டீங்க போல" என்றாள்.

"ஆமா."

"ம்."

அவ்வளவுதான். புது கார்பன் போட்டாள். என் கையாலேயே ஓட்டிக் காட்டினேன், ஓடியது. பிள்ளைகள் ஒரு தட்டு தட்டினார்கள். காவேரியும் தட்டினாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன், அவள் கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. வீட்டுக்கு வந்து மிக்சியைக் கவிழ்த்தேன். உன் எழுத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, "கா" என்று கீறியிருந்தாள். எல்லாருக்கும் கீறுவதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று என் புத்தி சொன்னது. ஆனாலும் அடிக்கடி கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தேன். "மிக்சி ரிப்பேர் ஆனதா, ஆகலையா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

நேற்று சனிக்கிழமை. ரெண்டு மணிக்கு வரச்சொன்னவர்கள் வழக்கம்போல நாலு மணிக்கு வந்தார்கள். காவேரி படியேறி வரும் சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் அவள் கையைத்தான் பார்த்தேன். கையில் ஒன்றும் இல்லை. தோளில் அந்த நீலப் பை. ஜிப் முழுக்க மூடியிருந்தது. நேராக வந்து, நான் உட்கார்ந்திருந்த மூட்டையில் எனக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஃபேனைப் பார்க்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் முழுக்க அந்தப் பை என் தொடையில் இடித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் புடைத்திருந்தது. டிபன் பாக்ஸ் அவ்வளவு பெரிதாக இருக்காது. இவள் திரும்பவும் எதையாவது வீட்டுக்கு எடுத்துப்போகிறாளா என்று, உன்மேல் சத்தியமாக, ஒரு கணம் தோன்றியது. என் புத்தி எங்கே போகும்? இம்ரான் வந்து பொத்தென்று உட்காரப் பார்த்தபோது, "ஏய், பை இருக்கு, பாத்து" என்று அவனைத் தள்ளி உட்கார வைத்தேன்.

கிளம்பும் நேரம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே காவேரி திரும்பினாள். "மேடம், அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். நல்ல கனம். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாதுடி. நான் கேட்கவில்லை.